கல், பேப்பர், கத்தரி, நாத்தனார்

எனக்குக் கோபம் வந்தால் எழுந்து நின்றுவிடுவேன். உட்கார்ந்த இடத்திலேயே கோபப்படுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. சபையில் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துத் திட்டுகிற ரகம் அவர்கள். நான் அந்த ரகம் இல்லை. அதனால் எனக்கு நடந்த நல்லதும் உண்டு. இது மற்றது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வருகிற ஷூக்களை ஜோடி ஜோடியாகக் கையில் எடுத்துப் பார்த்து, பாஸ் அல்லது பெயில் என்று சொல்வது எங்கள் வேலை. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் வந்து பக்கத்தில் நிற்கும்போது சில பெண்கள் பயந்துவிடுவார்கள். நல்ல ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு "பெயில் சார்" என்று உளறிவிடுவார்கள். அந்த நொடியே சூப்பர்வைசர் குறுக்கே பாய்ந்து, "இல்ல சார், பாஸ்! நாங்க பாத்துட்டோம்" என்று அடித்துச் சொல்ல வேண்டும். கொஞ்சம் தயங்கினாலும் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும். வாயை மூடிக்கொண்டிருப்பது ஒப்புக்கொள்வதற்குச் சமம். இதுதான் எங்கள் லைனில் சட்டம்.

இந்தச் சட்டத்தை நான் ரேஷன் கடையில் பயன்படுத்தியிருக்கிறேன். சர்ச் கமிட்டியில் பயன்படுத்தியிருக்கிறேன். என் மாமியாரிடம்கூட ஒருமுறை. எல்லா இடத்திலும் ஜெயம்தான். பயன்படுத்தியிருக்கக் கூடாத ஒரே இடம், என் நாத்தனார் பிரிசில்லாவின் பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு.

நாத்தனார் என்றதும் நீங்கள் மனதில் ஒரு முகத்தை வரைந்திருப்பீர்கள். அதை அழித்துவிடுங்கள். என் வீட்டுக்காரர் சாமுவேலின் தங்கை பிரிசில்லா எங்களோடுதான் இருந்தாள். அவளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. கம்பெனியில் கழித்துப் போட்ட ஷூ டப்பாக்களை நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். அவற்றின் மூடிகளின் உட்புறமெல்லாம் அவள் கணக்குதான். அடுப்பில் பால் பொங்கினாலும் தெரியாது, காலிங்பெல் அடித்தாலும் தெரியாது. ஒரு கணக்கு தப்பாகப் போனால் அழமாட்டாள், புலம்பமாட்டாள். அந்த மூடியைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த மூடியை எடுப்பாள். நானாக இருந்தால் அந்தக் கணக்கோடு சண்டை போட்டிருப்பேன்.

அவளுடைய ஆய்வுத் தலைப்பு: 'சேர்ப்புப் பண்பு இல்லாத இயற்கணிதங்களில் பல்லுறுப்புக்கோவை முற்றொருமைகள்.' (மூச்சு விடாமல் படித்துப் பாருங்கள். நான் முதல் தடவை பாதியில் தண்ணீர் குடித்தேன்.) உறவுக்காரர்கள் வந்தால், "பொண்ணு இன்னாம்மா படிக்குது, இன்னும் முடியலையா?" என்று கேட்பார்கள். எனக்குப் பதில் தெரியாது. பதில் தெரியாதபோது எனக்குக் கோபம்தான் வரும். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏ பிரிசி, இன்னாதான் படிக்கிற நீ? கேக்கறவங்களுக்கு நான் இன்னா சொல்றது?"

"அண்ணி, கல்லு பேப்பர் கத்திரி ஆடத் தெரியுமா?"

"உங்க அண்ணனும் நானும் சண்டே யார் சமைக்கிறதுன்னு அதுலதான முடிவு பண்றோம்."

"அப்போ ஈசி. ரெண்டு பேர் மோதினா யார் ஜெயிக்கிறாங்களோ அதுதான் பெருக்கினா வர்ற விடை. கல்லையும் பேப்பரையும் பெருக்கினா பேப்பர். பேப்பரையும் கத்திரியையும் பெருக்கினா கத்திரி. கல்லைக் கல்லாலயே பெருக்கினா கல்லுதான்."

"சரி."

"இப்போ மூணையும் பெருக்கலாம். முதல்ல கல்லும் பேப்பரும் மோதட்டும். பேப்பர் வரும். அது கத்திரியோட மோதினா கத்திரி. இதையே மாத்திப் பண்ணுங்க. முதல்ல பேப்பரும் கத்திரியும் மோதட்டும். கத்திரி வரும். அதோட கல்லு மோதினா?"

"கல்லு ஜெயிக்கும்."

"பாத்தீங்களா? அதே மூணு பேர், அதே வரிசை. யாரை முதல்ல மோத விடுறோம்ங்கறதுல விடையே மாறிடுது. இதுதான் அண்ணி சேர்ப்புப் பண்பு இல்லாதது."

நான் துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். பள்ளியில் எனக்குக் கணக்கு எடுத்த டீச்சர் பெருக்கல் என்றால் எப்படிப் பெருக்கினாலும் ஒன்றுதான் என்று சொல்லி அடித்தது ஞாபகம் வந்தது. இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் நான் வாங்கிய அடியில் பாதி மிச்சம்.

"இந்த மாதிரி அடங்காத கூட்டத்துலகூட, உள்ள யாரைப் போட்டாலும் தப்பாம நிக்கிற விதி சிலது இருக்கும். அதுதான் முற்றொருமை. எந்தக் கூட்டத்துல எந்த விதி நிக்கும், எது நிக்காதுன்னு கண்டுபுடிக்கிறதுதான் என் வேலை."

எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஒழுங்கே இல்லாத இடத்தில் போய் ஒழுங்கு இருக்கிறதா என்று பார்ப்பது. பாஸா, பெயிலா. அதாவது, செக்கிங். என் நாத்தனாரும் நானும் ஒரே டிபார்ட்மெண்ட் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் ஒரு விதியும் சொன்னாள். எக்ஸ், ஒய் என்று இரண்டு இடம், அதில் யாரை வேண்டுமானாலும் போடலாம். எக்ஸை எக்ஸோடு மோத விட்டு, வந்ததை ஒய்யோடு மோத விட வேண்டும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எக்ஸை ஒய்யோடு மோத விட்டு, ஜெயித்ததோடு மறுபடி எக்ஸை மோத விட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே விடை வந்தால் விதி நிற்கிறது. "கல்லு பேப்பர் கத்திரில இது நிக்குதான்னு நீங்களே பாருங்க அண்ணி" என்றாள். அதற்குள் அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டுகிற கைடிடமிருந்து போன் வந்தது. ஈரக் கையோடு ஓடினாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

அவளுக்கு நின்றது. எனக்கு நிற்கவில்லை.

மறுநாள் டீ பிரேக்கில் என் செக்கிங் பெண்களை உட்கார வைத்து ஆட விட்டேன். ஷபானா கல், கலாவதி பேப்பர், இன்னொருத்தி கத்தரி. ஒரு ஜோடி விடாமல் பார்த்தோம். கல்லோடு பேப்பர், பேப்பரோடு கல், கத்தரியோடு கத்தரி, எல்லாம். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் ஒரே விடை.

"அக்கா, இது பாஸ்தான். சீல் குத்திடலாம்" என்றாள் ஷபானா.

எனக்கு இருந்த பெருமையில் அன்று டீ என் கணக்கு. பிரிசில்லாவிடம் சொல்லலாம் என்றால் அவள் தேர்வுக்கு ஸ்லைடு தயாரிப்பதில் மூழ்கியிருந்தாள். சரி, நம்மால் தொந்தரவு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். (என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த சில தருணங்களில் அது ஒன்று. அதுவும் தப்பான தருணம்.)

அந்தத் தேர்வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைப் பொதுவில்தான் நடத்துவார்கள். வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். ஆனால் யார் வருவார்கள்? ஹால் காலியாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று கைடு கவலைப்பட்டார். வீட்டு ஆட்களைக் கூட்டி வரச் சொன்னார். அதோடு, யாராவது ஒருவர் எழுந்து "இதனால என்ன பயன்?" என்று கேட்க வேண்டும், அதற்கு பிரிசில்லா ஒரு பதில் வைத்திருக்கிறாள் என்றும் சொல்லி அனுப்பினார். அந்தக் கேள்வி என் பொறுப்பில் விடப்பட்டது. எல்லாம் சுமுகமாக முடிந்தால் அவளுக்குப் பட்டம். வாணியம்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் அவளுக்காக ஒரு வேலை காத்திருந்தது. இழுபறியானால் திருத்தி எழுது, மறுபடி வா என்பார்கள். அதற்குள் அந்த வேலை வேறு ஒருவருக்குப் போய்விடும். இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதைத்தான் மனதில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஆள் வேண்டும் என்றால் ஆம்பூரில் ஆளுக்கா பஞ்சம்? என் பிரிவுப் பெண்களைப் பர்மிஷன் போட வைத்து ஒரு வேனில் ஏற்றினேன். வேலூர் போய்ச் சேரும் வரை வேன் முழுக்கப் பசை வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும். அந்தக் கணிதத் துறை ஹாலில் நாங்கள் பின் வரிசைகளை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, முன்னால் இருந்த பேராசிரியர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஹால் மாறி வந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

பிரிசில்லா மேடையேறினாள். வெள்ளைக் காட்டன் சேலை, கையில் சாக்பீஸ். வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டால் முழிக்கிற பெண், அங்கே நின்ற நிலையே வேறு. எனக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும். ஆனால் வேலை தெரிந்தவள் வேலை செய்யும்போது பாஷை எதற்கு? தேர்வாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பக்கத்துக்குப் பக்கம் குறுக்கிட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அவள் போர்டில் பதிலை எழுதத் தொடங்கியிருப்பாள். ஆனால் அவர் விடவில்லை. கேள்விக்கு மேல் கேள்வி. எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. பையர் புத்தி. குறை கண்டுபிடிக்காமல் ஊருக்குத் திரும்பக் கூடாது என்று வந்த ஆள்.

அப்போதுதான் திரையில் அந்த ஸ்லைடு வந்தது. கல், பேப்பர், கத்தரி படங்கள். கீழே நான் பாஸ் போட்ட அதே விதி. அதன் பக்கத்தில் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

ஷபானா என் தொடையில் இடித்தாள். "அக்கா, இன்னா பெயில் போட்டிருக்கு?"

தேர்வாளர் எங்களை ஒருமுறை பார்த்தார். என்ன நினைத்தாரோ, தமிழுக்கு மாறினார். "இந்த விதி இங்க நிக்காதுன்னு போட்டிருக்கீங்க. ஆனா பார்த்தா நிக்கிற மாதிரிதானேம்மா இருக்கு?"

"நிக்காது சார்" என்றாள் பிரிசில்லா.

"நல்லா யோசிச்சுட்டீங்களா?"

அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெண் பயந்துவிட்டது. வாய் குழறிவிட்டது. அந்த மனுஷனே இரக்கப்பட்டு, திருத்திக்கொள்ளம்மா என்று இரண்டு தடவை வழி காட்டுகிறார். இது தண்ணீர் குடிக்கிறது! இத்தனை வருஷப் படிப்பு, கிடைக்கப்போகிற வேலை, எல்லாம் ஒரு சிவப்புக் குறியில் போகிறது. நான் எழுந்து நின்றேன்.

"சார், அது நிக்கும்! பாஸ் சார்! பொண்ணு பயத்துல மாத்திச் சொல்லுது. நாங்க பாத்துட்டோம்!"

பக்கத்து நாற்காலியில் இருந்த சாமுவேல் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "ரோஸி, உக்காரு. ரோஸி, ஏசப்பா பேரால கேக்கறேன், உக்காரு."

தேர்வாளர் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். "நீங்க யாரும்மா?"

"அவளோட அண்ணி சார்."

"எங்க பார்த்தீங்க?"

"கம்பெனில சார், டீ பிரேக்ல. ஒரு ஜோடி விடல. நம்பிக்கை இல்லன்னா இவங்களைக் கேளுங்க. ஷபானா, எந்திரி. கலா, எந்திரி."

பின் வரிசைகள் மொத்தமும் எழுந்து நின்றன. "ஆமா சார், நாங்களும் பாத்தோம்" என்று கோரஸாகக் குரல் வந்தது. எங்கள் பெண்களை நான் அப்படி வளர்த்திருக்கிறேன். கைடு தன் முகத்தை ஆய்வேட்டின் பின்னால் மறைத்துக்கொண்டார். மேடையில் பிரிசில்லா பாட்டிலை மூட மறந்து நின்றாள்.

தேர்வாளர் பேனாவை மூடி வைத்தார். "எத்தனையோ வாய்மொழித் தேர்வுக்குப் போயிருக்கேன். ஆய்வு தப்புன்னு சொல்றதுக்குக் குடும்பமே வேன் வெச்சுக்கிட்டு வந்து நான் பார்த்ததில்ல." பிறகு மேடைப் பக்கம் திரும்பினார். "பிரிசில்லா, சபையில ஆட்சேபணை வந்திருக்கு. பதில் சொல்லணும். எனக்கு இல்ல, அவங்களுக்கு. அவங்க ஒத்துக்கிட்டாத்தான் நானும் ஒத்துக்குவேன்."

அவர் விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் சிரிப்பு இல்லை. சாமுவேல் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்குத்தான் தெரியும், நான் எதையாவது ஒப்புக்கொள்வது என்றால் என்ன என்று. முன்பு நாங்கள் குடியிருந்த வீட்டின் ஓனர் என்னை ஒப்புக்கொள்ள வைக்க இன்னும் முயற்சி செய்துகொண்டிருக்கிறார்.

பிரிசில்லா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று பயந்தேன். அவள் முகத்தில் இரண்டும் இல்லை. புது மூடியை எடுக்கிறபோது இருக்கிற முகம்.

"அண்ணி, நீங்க பாத்ததுல ஒரு தப்பும் இல்ல. ஒத்தை ஒத்தையாப் பாத்தா எல்லாமே பாஸ்தான்."

"அப்புறம் இன்னா?"

"என் கணக்குல எக்ஸ்னா ஒத்தை ஆளாத்தான் வரணும்னு இல்ல. கூட்டணி சேந்தும் வரலாம். அப்பவும் விதி நிக்கணும். வாங்க, ஆடிப் பாக்கலாம். அக்காங்க எல்லாரும் முன்னாடி வாங்க."

அந்த ஹாலின் நடுவில் எங்களை நிறுத்தினாள். ஷபானா கல், கலாவதி பேப்பர். அவர்கள் இருவரும் ஒரு கூட்டணி. அதுதான் எக்ஸ். எதிரே நான், கத்தரி. கூட்டணியில் இருக்கிற ஒவ்வொருவரும் எதிரணியில் இருக்கிற ஒவ்வொருவரோடும் மோத வேண்டும். ஒவ்வொரு மோதலிலும் ஜெயித்தது எதுவோ, அதைக் கையில் காட்டிக்கொண்டு ஒரு பெண் வந்து நிற்க வேண்டும். ஒருவரையும் கழிக்கக் கூடாது.

"முதல்ல இடது பக்கம். கூட்டணி தனக்குத்தானே மோதுது."

"அது எப்பவும் நடக்கறதுதான" என்றார் முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர். சிரிப்பு.

கல்லும் கல்லும் மோதினால் கல். ஒரு பெண் முஷ்டியை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள். கல்லும் பேப்பரும் மோதினால் பேப்பர், பேப்பரும் கல்லும் மோதினால் பேப்பர், பேப்பரும் பேப்பரும் மோதினால் பேப்பர். மூன்று பெண்கள் உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். இப்போது இந்த நால்வரும் என்னோடு மோத வேண்டும். முஷ்டி என்னை ஜெயித்தது. மூன்று பேப்பரையும் நான் வெட்டினேன் (வாயால் சத்தம் கொடுத்தே வெட்டினேன்). வெட்டுப்பட்ட மூவரும் விரலைக் கத்தரியாக மாற்றிக்கொண்டார்கள். ஆக, இடது பக்கம் நின்றது ஒரு கல், மூன்று கத்தரி.

"அப்படியே நில்லுங்க. யாரும் கையைக் கீழ விடக் கூடாது. இப்போ வலது பக்கம். கூட்டணி முதல்ல அண்ணியோட மோதுது."

ஷபானாவின் கல் என்னை ஜெயித்தது. கலாவதியின் பேப்பரை நான் ஜெயித்தேன். ஒரு கல், ஒரு கத்தரி. இந்த இரண்டோடும் கூட்டணி மறுபடி மோதியது. கல்லும் கல்லும், கல். கல்லும் கத்தரியும், கல். பேப்பரும் கல்லும், பேப்பர். பேப்பரும் கத்தரியும், கத்தரி. நான்கு பெண்கள் கையை நீட்டிக்கொண்டு வலது பக்கம் நின்றார்கள்.

"இப்போ செக் பண்ணுங்க அண்ணி" என்றாள் பிரிசில்லா.

நான் என் தொழிலைச் செய்தேன். இடது ஷூவையும் வலது ஷூவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போல இரண்டு வரிசையையும் பார்த்தேன். இடது பக்கம் ஒரு உள்ளங்கைகூட இல்லை. வலது பக்கம் ஒருத்தி பாவம், டிராபிக் போலீஸ் மாதிரி உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். எங்கேயாவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்று பார்த்தேன். ஹாலே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாமுவேல் ஜெபம் செய்துகொண்டிருந்தார்.

தோற்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் தப்பான ஜோடிக்குப் பாஸ் போடுவது அதைவிடப் பிடிக்காது.

"ஜோடி சேரல சார்" என்றேன். "பெயில்."

"அப்போ பிரிசில்லா பாஸ்" என்றார் தேர்வாளர்.

கை தட்டினார்கள். எங்கள் பெண்கள் மட்டும் தட்டவில்லை, கையைக் கீழே விடலாம் என்று யாரும் சொல்லவில்லையே. தேர்வாளர் கடைசியாக, "வேற யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று கேட்டார். கைடு "இல்ல, இல்ல" என்று பாய்ந்தார். ஆனால் எனக்கு ஒரு பொறுப்பு கொடுத்திருந்தார்களே! ஒரு அடி முன்னால் வந்தேன். "இதனால என்ன பயன் சார்?"

தேர்வாளர் முதல் முறையாகச் சிரித்தார். "உங்களை ஒத்துக்க வெச்சிருக்கும்மா. இதுக்கு மேல என்ன பயன் வேணும்? உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க."

வெளியே வராந்தாவில் என் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு பிரிசில்லாவின் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என் டம்ளரில் தன் டீயைக் கொஞ்சம் ஊற்றினாள். "நல்ல வேளை அண்ணி. அந்தக் கணக்கை சாக்பீஸ்ல எழுதிக் காட்டினா பாதிப் பேருக்குப் புரியாதுன்னு பயந்துட்டிருந்தேன்." இப்படி ஒரு பெண். இவளுக்கு நான் எதிர்க்கட்சி வேலை பார்த்திருக்கிறேன்.

பட்டமும் வந்தது, வேலையும் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது என்னவென்றால், வீட்டில் இனி நான் எதையும் அடித்துச் சொல்ல முடியாது. குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னால்கூட சாமுவேல் கேட்பார்: "தனியாப் பாத்தியா, கூட்டணியாப் பாத்தியா?" என் மகன் கேட்பான். கம்பெனியில் ஷபானா கேட்பாள்.

போன வருஷம் பிரிசில்லாவுக்கு ஒரு வரன் வந்தது. நானே போய் விசாரித்தேன். பையன் தங்கம். அம்மா அதிர்ந்து பேசாதவர். அப்பா ஊரில் நல்ல பெயர் எடுத்தவர். ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்துப் பேசிவிட்டு வந்து பாஸ் என்று அறிவித்தேன். பிரிசில்லா மெதுவாகக் கேட்டாள்: "மூணு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சுப் பாத்தீங்களா அண்ணி?"

எனக்குக் கோபம் வந்தது. எழுந்தும் நின்றேன். ஆனால் மறுவாரமே குடும்பத்தோடு போய், அவர்கள் மூவரையும் ஒரே சோபாவில் உட்கார வைத்துப் பார்த்தோம். காபிக்குச் சர்க்கரை போடுவதா வேண்டாமா என்பதில் ஆரம்பித்தது. முடிவதற்குள் அப்பா மாடிக்குப் போய்விட்டார், அம்மா சமையலறைக்குப் போய்விட்டார், பையன் இரண்டு பேருக்கும் நடுவில் படிக்கட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

பிரிசில்லா என் பக்கம் குனிந்தாள். "அண்ணி, இன்னா சொல்றீங்க?"

"பெயில்" என்றேன். காபி வருவதற்குள் எழுந்து வந்துவிட்டோம்.